மில்லி அக்காவின் சுவர்கள்

“பீரோவை நகர்த்தி வச்சிட்டீங்களா?”

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மில்லி அக்கா கேட்டுவிடுவார். சௌக்கியமா, சாப்பிட்டாச்சா எல்லாம் அதற்கப்புறம்தான். நகர்த்தவில்லை என்றால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தானே தோளைக் கொடுப்பார். ஐம்பத்திரண்டு வயது; ஊதினால் பறந்துவிடுவார் போன்ற உடம்பு. ஆனாலும் பீரோ நகரும். பின்னால் சுவர். சுவரில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல். விரிசலுக்குக் குறுக்கே விரல் நீளத்தில் ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டு, இரண்டு முனையிலும் சாந்து வைத்து ஒட்டியது. கண்ணாடி முழுசாக இருந்தால் சுவர் அசையவில்லை. உடைந்திருந்தால் அசைந்திருக்கிறது. அதைப் பார்த்து எழுதுவதுதான் அவர் வேலை.

முழுசாக இருந்தால் “தூங்குது” என்பார். உடைந்திருந்தால் “நடக்குது” என்பார். அந்த ஊரின் முந்நூற்றுச் சொச்சம் விரிசல்களையும் அவர் இந்த இரண்டே சொல்லில் அடக்கிவிடுவார்.

ஊருக்கு அடியில் நிலக்கரிச் சுரங்கம். எழுபது ஆண்டுகளாக வெட்டுகிறார்கள். மேலே பதினான்கு தெருக்கள். வீடுகள் சுரங்க நிர்வாகம் கட்டிக் கொடுத்தவை. இரண்டிரண்டாக ஒட்டிப் பிறந்தவை, இரண்டுக்கும் நடுச்சுவர் ஒன்று. நிலக்கரியை வெட்டிக்கொண்டே போகும்போது மேலே உள்ள பூமி இறங்கிவிடாமல் இருக்க, ஆங்காங்கே ஒரு வீடளவு நிலக்கரியை வெட்டாமல் விட்டுவைப்பார்கள். அதற்குத் தூண் என்று பெயர். கீழே தூண் நிற்கும்வரை மேலே தெரு நிற்கும்.

இந்த ஊரில் ‘மேலே’, ‘கீழே’ என்ற சொற்களுக்கு வேறு கணக்கு. மற்ற இடங்களில் ஒருவர் மேலே போய்விட்டார் என்றால் துக்கம் விசாரிக்கக் கிளம்பிவிடுவார்கள். இங்கே வேலைக்குப் போனவர் கீழே போனவர். ஷிப்ட் முடிந்தவர் மேலே வந்தவர். “அவரு மேல வந்துட்டாரா?” என்று கேட்டால், “வந்து குளிச்சிட்டிருக்கார், உக்காருங்க” என்று சிரித்த முகமாகச் சொல்கிறார்கள். பகல் இரண்டு பத்துக்குக் கீழே வெடி வைப்பார்கள். அந்த நேரத்தில் யாராக இருந்தாலும் பேச்சைப் பாதியில் நிறுத்துவார்கள். கை தானாகப் போய்த் தம்ளரைப் பிடித்துக்கொள்ளும். தரை ஒருமுறை தும்மும். பிறகு விட்ட சொல்லிலிருந்து பேச்சு தொடரும். மில்லி அக்காவைப் பற்றி எழுதப் போன எனக்கு முதல் நாள் தம்ளரைப் பிடிக்கத் தெரியவில்லை. தேநீர் மடியில் வந்து உட்கார்ந்தது. மில்லி அக்கா துண்டை நீட்டி, “வந்தவங்க எல்லாரும் முதல் நாள் குளிச்சிட்டுத்தான் போவாங்க” என்றார்.

கதவுகள் ஆண்டுக்கு இரண்டு முறை மக்கர் செய்யும். தச்சர் வந்து விளிம்பைச் சீவிவிட்டுப் போவார். “எங்க ஊர்ல டாக்டருக்கு லீவு உண்டு, ஆசாரிக்குக் கிடையாது” என்பார் மில்லி அக்கா. விரிசலை மறைக்க வீட்டுக்காரர்கள் காலண்டர் மாட்டுவார்கள், கண்ணாடி மாட்டுவார்கள், பையன் வாங்கிய சான்றிதழை மாட்டுவார்கள். ஒரு வீட்டின் கூடத்தில் மட்டும் ஏழு காலண்டர்கள். மில்லி அக்கா இடுப்பில் கை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். “நீங்க எந்த வருஷத்துல இருக்கீங்கன்னு எனக்கு ஒண்ணும் புரியலையே?” வீட்டுக்காரர் அசடு வழிந்தபடி காலண்டர்களைக் கழற்றினார். ஆறு விரிசல் இருந்தது. ஏழாவது காலண்டர் நிஜமாகவே தேதி பார்க்க.

அவர் முறையாகப் படித்து இந்த வேலைக்கு வந்தவர் அல்ல. இருபது வயதில் நிர்வாகத்தின் பழுதுபார்ப்புப் பிரிவில் சித்தாளாகச் சேர்ந்தார். சாந்து கலப்பது, செங்கல் நனைப்பது, கொத்தனாரின் கை எட்டும் இடத்தில் சாந்துச் சட்டியைக் கொண்டுபோய் வைப்பது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் மூன்றாம் தெருவில் ஒரு சமையலறை, பட்டப்பகலில், அடுப்பும் பாத்திரமுமாகத் தரைக்குள் இறங்கிவிட்டது. வீட்டுக்காரி துணி உலர்த்த வெளியே வந்திருந்தாள். திரும்பிப் போனபோது கதவு இருந்தது. கதவுக்கு அந்தப்பக்கம் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகுதான் விரிசல்களை அளக்க ஆள் போட வேண்டும் என்று நிர்வாகத்துக்குத் தோன்றியது.

முதலில் டிப்ளமா படித்த ஒருவரை அனுப்பினார்கள். அவர் மூன்று மாதம் தாக்குப்பிடித்தார். விரிசல்களோ கட்டிலுக்குப் பின்னால், குளியலறை மூலையில், துணி மாற்றும் இடத்தில். பெண்கள் வாசலிலேயே மறித்து, “எங்க வீட்ல விரிசலே இல்லப்பா, போயிட்டு வா” என்று அனுப்பிவிட்டார்கள். அவர் எழுதிக் கொடுத்த அறிக்கைப்படி மொத்த ஊரிலும் விரிசல் விட்ட வீடுகள் ஒன்பது. சமையலறை காணாமல் போன வீட்டையும் சேர்த்து.

அப்போதுதான் சர்வே அதிகாரிக்கு ஒரு சித்தாளின் நினைவு வந்தது. ஒரு வீட்டில் பூசிய சுவருக்குப் பக்கத்தில் பென்சிலால் மூன்று தேதிகள் எழுதி வைத்திருந்தவர். “மூணு தடவை பூசினேன். மூணு தடவையும் அதே இடத்துல வாயைப் பொளந்துச்சு. எத்தனை நாளைக்கு ஒரு தடவைன்னு தெரிஞ்சுக்கலாமேன்னு தேதி போட்டு வச்சேன்.” அவரைக் கூப்பிட்டு ஒரு மாதம் அளக்கச் சொன்னார்கள். மாதக் கடைசியில் அதிகாரி, “கொஞ்சம் பெருசாயிருக்கா?” என்று கேட்டிருக்கிறார். “கொஞ்சம்னு ஒரு அளவு இல்லையே சார். ஒன்றரை மில்லி.” அன்றைக்கு வந்த பெயர் அது. அப்பா அம்மா வைத்த பெயரைச் சொல்லிக் கேட்டால் இப்போது தபால்காரருக்கே வீடு தெரியாது.

தோளில் ஒரு துணிப்பை. அதில் தடிமன் வாரியாகக் கோடுகள் அச்சடித்த ஒரு ஒளி ஊடுருவும் அட்டை. விரிசல்மேல் வைத்துப் பார்த்தால் எத்தனை மில்லிமீட்டர் என்று தெரியும். சோப்புப் பெட்டியில் பஞ்சு சுற்றிய கண்ணாடித் துண்டுகள், ஒரு பொட்டலம் சிமெண்ட், டார்ச், பென்சில், ஒரு கோலிக்குண்டு. கோலிக்குண்டைத் தரையில் வைத்துவிட்டு விலகி நிற்பார். வீட்டில் உள்ளவர்கள் மொத்தப் பேரும், கடைசிப் பந்தைப் பார்ப்பதுபோல், அது எந்தப் பக்கம் உருள்கிறது என்று மூச்சை அடக்கிப் பார்ப்பார்கள். “போன தடவை வடக்க போச்சு, இன்னிக்கும் வடக்கதான் போகுது. மனசு மாறல. நல்லது.”

கண்ணாடியை ஒட்டிய பிறகு சாந்து ஈரமாக இருக்கும்போதே இரண்டு முனையிலும் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்துவார். சித்தாளாக இருந்த காலத்தில் கொத்தனார் கரண்டி வெட்டிய தழும்பு அந்த விரலில் குறுக்காக ஓடுகிறது. அச்சிலும் அந்தக் கோடு விழும். “கையெழுத்துப் போட அங்க இடமில்ல. அதான்.”

பதினைந்து ஆண்டுகளாக ஊரின் எல்லாக் கட்டில்களுக்கும் பின்னால் போய் வந்தவர். எந்த வீட்டில் கணவன் மனைவிக்கு இரண்டு அறையில் இரண்டு கட்டில், எந்த வீட்டில் வேலை போனதைச் சொல்லாமல் தினமும் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு கிளம்புகிறார்கள், எந்த பீரோவுக்குப் பின்னால் பாட்டில் இருக்கிறது, எல்லாம் அவருக்குத் தெரியும். நான் நான்கு முறை வாயைக் கிளறிப் பார்த்தேன். நான்கு முறையும் ஒரே பதில்: “நான் சுவரைத்தான் பார்த்தேன்.”

விதி இதுதான். ஒரு விரிசல் தொடர்ந்து மூன்று மாதம் நடந்தால், அல்லது எட்டு மில்லிமீட்டரைத் தாண்டினால், நிலைக்கதவில் சிவப்பு வட்டம் போடுவார்கள். அந்தக் குடும்பம் எட்டு கிலோமீட்டர் தள்ளியுள்ள புதுக் குடியிருப்புக்குப் போக வேண்டும். அங்கே சுவர் நேராக இருக்கும், குழாய் வீட்டுக்குள்ளேயே இருக்கும், ஆனால் பஸ் ஒரு மணிக்கு ஒன்று. அதனால் ஊர் இரண்டு கட்சி. சின்னக் குழந்தை வைத்திருப்பவர்கள், “ஒரு மில்லி சேத்துப் போட்டுடுக்கா, உனக்குப் புண்ணியமாப் போகும்” என்பார்கள். கடை வைத்திருப்பவர்கள், நடந்தே ஷிப்டுக்குப் போகிறவர்கள், “ஒரு மில்லி கொறைச்சுப் போட்டுடுக்கா, கண்டுக்காத” என்பார்கள். ஒருவர் ராவோடு ராவாக விரிசலைத் தோண்டிப் பெரிதாக்கி வைத்திருந்தார். மில்லி அக்கா டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “ஸ்குரூ டிரைவரா?” என்று கேட்டார். அவர் முழித்தார். “பூமி இவ்வளவு நேரா கிழிக்காதுப்பா. அதுக்கு உங்க அளவுக்குப் பொறுமை கிடையாது.”

சேர்த்தும் போட்டதில்லை, குறைத்தும் போட்டதில்லை. அப்படிப்பட்டவரும் எழுதத் தயங்கிய ஒரு சுவர் உண்டு. நான் அந்த ஊருக்குப் போவதற்குச் சில வாரங்கள் முன்னால் நடந்தது அது. கொஞ்சம் அவர் சொன்னார், கொஞ்சம் அவர் வீட்டுக்காரர் சொன்னார், மிச்சத்தை அந்தச் சுவருக்குச் சொந்தக்காரரே சொன்னார்.

ஏழாம் தெருவில் பன்னிரண்டு வீடுகள். ஒரு ஜோடி வீட்டில் ஒரு பக்கம் தையற்கார அம்மா. கணவர் வெளியூரில் லாரி ஓட்டுகிறார். ஒன்பது வயதில் ஒரு மகள். நடுச்சுவருக்கு அந்தப்பக்கம் பெரிய மேஸ்திரியும் அவர் மனைவியும். மேஸ்திரி நாற்பத்தொரு ஆண்டுகள் கீழே இருந்தவர்; ஓய்வு பெற்றுப் பத்து ஆண்டுகள் ஆகின்றன. அவர் தேநீர்க்கடைக்கு வந்தால் பெஞ்சில் இருப்பவர்கள் எழுந்து இடம் கொடுப்பார்கள். ஏழாம் தெருவின் அடியில் வெட்டியது அவருடைய அணிதான். “என் வீட்டுக்கு அடியில நான்தாம்மா தோண்டினேன்” என்று சொல்லிச் சிரிப்பார். “ஆறு தூண் விட்டிருக்கேன். யானையைக் கட்டினாலும் அசையாது.”

மில்லி அக்காவின் வீட்டில் நல்லதாக எது சமைத்தாலும் முதல் பங்கு மேஸ்திரி வீட்டுக்குப் போகும். காரணம் அவர் கணவரின் இடது கால். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் கீழ்த்தட்டில் தண்ணீர் உடைத்துக்கொண்டது. எல்லோரும் மேலே ஓடி வந்துவிட்டார்கள். எண்ணிப் பார்த்தபோது ஒரு தலை குறைந்தது. மேஸ்திரி யாரிடமும் எதுவும் சொல்லாமல் திரும்பி இறங்கி, கால் நசுங்கிக் கிடந்தவரை முதுகில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். பிறகு அலைந்து திரிந்து, அவருக்கு மேலேயே பம்ப் கொட்டகையில் வேலையும் வாங்கிக் கொடுத்தார்.

அந்த நடுச்சுவரில் விரிசல் வந்தபோது மில்லி அக்கா இரண்டு பக்கமும் கண்ணாடி ஒட்டினார். முதல் மாதம் தையற்கார அம்மா பக்கம் உடைந்திருந்தது. மேஸ்திரி பக்கம் முழுசாக இருந்தது. உடைந்த பக்கம் புதிதாக ஒட்டினார். இரண்டாம் மாதமும் அப்படியே. ஒரு பக்கம் மட்டும் உடைந்தால் அது பூச்சுக் கோளாறு, சுவரின் அசைவல்ல என்பது அலுவலக விதி. தையற்கார அம்மாவின் புகார் இரண்டு முறையும் திரும்பி வந்தது. அவர் மகளை, துணி வெட்டும் பெரிய மேஜைக்கு அடியில் படுக்க வைக்கத் தொடங்கினார். மேஜை கனமான பலகை. மேலே எது விழுந்தாலும் தாங்கும் என்று.

மூன்றாம் மாதம் மில்லி அக்கா அளக்கப் போனபோது தையற்கார அம்மா பொறுமை இழந்துவிட்டார்.

“உனக்கு அவங்க வேண்டியவங்க. அதான் அந்தப் பக்கம் கண்ணாடி உடையவே மாட்டேங்குது. நான் என்ன கண்ணு தெரியாதவளா?”

மில்லி அக்கா என்னிடம் சொல்லும்போது, “சுருக்குனு தைச்சிருச்சு” என்றார். கொஞ்சம் பொறுத்து, “அவ தொழிலே அதானே” என்று தானே சேர்த்துக்கொண்டார்.

அந்தப் பக்கம் முடித்துவிட்டு மேஸ்திரி வீட்டுக்குப் போனார். பீரோ ஏற்கெனவே நகர்த்தியிருந்தது. கண்ணாடி முழுசாக, பளிச்சென்று இருந்தது. முந்தைய இரண்டு மாதமும் அதோடு திருப்தியாகித் திரும்பியிருந்தார். அட்டையை வைத்துப் பார்க்கக் குனிந்தவர், அட்டையைக் கீழே வைத்துவிட்டு டார்ச்சை எடுத்தார். இரண்டு முனையிலும் சாந்து இருந்தது. சாந்தில் கட்டைவிரல் அச்சு இருந்தது. அச்சில் குறுக்குக் கோடு இல்லை. தன் விரலை அதன்மேல் வைத்துப் பார்த்தார். பள்ளம் விரலைவிடப் பெரிதாக இருந்தது.

மேஸ்திரி கட்டிலில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.

“அண்ணே, தழும்பை விட்டுட்டீங்க.”

“என்ன தழும்பு?”

மில்லி அக்கா கட்டைவிரலை நீட்டிக் காட்டினார். சமையலறையில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது. மேஸ்திரியின் மனைவி வெளியே வரவில்லை. மேஸ்திரி போட்ட பொத்தானைக் கழற்றினார், மறுபடி போட்டார்.

“உக்காரு தங்கச்சி.”

அவர் உட்காரவில்லை.

“ஆறுன்னு எழுதியிருக்கேன்” என்றார் மேஸ்திரி. “நிக்கிறது நாலு.”

அதற்கப்புறம் அவர் நிறுத்தவில்லை. அவருடைய கடைசி ஆண்டு. மாதக் கடைசியில் டன் கணக்கு எட்டவில்லை. இரண்டு தூணை எடுத்துவிடச் சொன்னார்கள். “வாயால சொன்னாங்க. சொன்னவங்க யாரும் இன்னிக்கு இந்த ஊர்ல இல்ல. கையெழுத்து என்னுது, நான் இருக்கேன்.” எடுத்த இடத்தில் மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்திருந்தார். பத்து ஆண்டுகளில் ஈரத்தில் அவை என்ன ஆகியிருக்கும் என்று அவருக்குத் தெரியாதா என்ன? முதல் மாதம் கண்ணாடி உடைந்திருப்பதைப் பார்த்ததும் விரிசல் அகலம் கூடினது தெரியாமல் மக்குப் பசையால் ஓரத்தை அடைத்து, கடையில் கண்ணாடி வெட்டி வாங்கி, அதேபோல் சாந்து வைத்து, அதேபோல் விரலை அழுத்தி வைத்தார்; அடுத்த மாதங்களிலும் உடைய உடைய மாற்றினார். “சிவப்பு வட்டம் போட்டா பழைய வரைபடத்தை எடுப்பாங்க. எடுத்தா தெரிஞ்சிடும். என் காலம் வரைக்கும் நின்னுட்டாப் போதும்னு பார்த்தேன்.”

“உங்க காலத்துக்கு நிக்கலாம் அண்ணே” என்றார் மில்லி அக்கா. “அந்தப் பக்கம் மேஜைக்கு அடியில படுக்கிறவளுக்கு ஒம்பது வயசு.”

மேஸ்திரி நடுச்சுவரைப் பார்த்தார்.

“நாளைக்குப் பத்து மணிக்கு நான் எழுதிக் குடுத்தாகணும். ரெண்டு பக்கமும் நடக்குதுன்னு எழுதுவேன். தூணைப் பத்தி நீங்களே போய்ச் சொல்லிடுங்க.”

“சொல்லலைன்னா?”

“நான் சொல்லுவேன். ஆனா நான் சொன்னா அது கோள் மூட்டின மாதிரி இருக்கும். நீங்க சொன்னாத்தான் அது விஷயம்.”

வெளியே வந்ததும் பக்கத்து வாசலுக்குப் போய், “இன்னிலேருந்து பாப்பாவும் நீயும் எங்க வீட்ல படுத்துக்கங்க. ஏன்னு கேக்காத” என்று மட்டும் சொன்னார். தையற்கார அம்மா கேட்கவில்லை. அந்தக் குரலில் மில்லி அக்கா பேசி அவர் கேட்டதே இல்லையாம்.

பம்ப் கொட்டகைக்குப் பகல் சாப்பாடு கொண்டுபோனபோது கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னார். பம்ப் ஓடும் இரைச்சலில் கத்திப் பேச வேண்டும். இதைக் கத்திச் சொல்ல முடியாது. அதனால் கணவர் பம்பை ஐந்து நிமிடம் நிறுத்தினார். ஷிப்ட் நேரத்தில் அவர் அதை நிறுத்தியது அன்று ஒருநாள்தான் என்கிறார்.

“அவரு இல்லைன்னா நீங்க இல்ல” என்றார் மில்லி அக்கா. “அவரைப் போய் நான் காட்டிக் குடுக்கணும்.”

கணவர் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: “அன்னிக்கு அவரு திரும்பிக் கீழ எறங்கினப்போ, எறங்கினா நமக்கு என்ன ஆகும்னு நின்னு யோசிக்கல. யோசிச்சிருந்தா நான் அங்கேயே கெடந்திருப்பேன். நீயும் யோசிக்காத, எழுதிடு.” பம்பைப் போடப் போனவர் திரும்பி, “இன்னிக்கு உப்பு ஒரு மில்லி ஜாஸ்தி” என்றார்.

மறுநாள் ஒன்பதரைக்கு மில்லி அக்கா அலுவலகம் போனபோது மேஸ்திரி சர்வே அறையின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வெளுத்த சட்டை, எண்ணெய் வைத்துச் சீவிய தலை. அதிகாரி பழைய வரைபடத்தை மேஜைமேல் விரித்து, சுருண்டுகொள்ளாமல் இருக்க நான்கு மூலையிலும் கிடைத்ததை வைத்தார். மேஸ்திரி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, யாரும் காட்டாமலே ஏழாம் தெருவுக்கு விரலைக் கொண்டுபோனார். சிவப்புப் பென்சிலைக் கேட்டு வாங்கி இரண்டு தூண்களின்மேல் பெருக்கல் குறி போட்டார். குறி நேராக விழுந்தது என்று அதிகாரி சொல்கிறார். கோணலாக விழுந்தது என்று மில்லி அக்கா சொல்கிறார்.

“எடுத்துட்டோம்னு தெரிஞ்சேதான் கையெழுத்துப் போட்டீங்களா?” என்றார் அதிகாரி.

“தெரிஞ்சேதான் சார்.”

ஒரு சுவருக்கென்று ஆரம்பித்தது பன்னிரண்டு வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. நான்கே நாளில் ஏழாம் தெருவைக் காலி செய்தார்கள். கட்டில்களும் அண்டாக்களும் டிராக்டரில் ஏறின. தையற்கார அம்மாவின் மேஜை மட்டும் ஏறவில்லை. வாசல் நிலை கோணிப்போய்விட்டது, அதன் வழியாக மேஜை வரவில்லை, ஆசாரி வருவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. காலி செய்த பத்தொன்பதாம் நாள் பகல் வெடிக்குப் பிறகு, அந்த இரண்டு வீட்டின் தரையும் ஒரு ஆளின் மார்பளவு இறங்கியது. நடுச்சுவர் பாதியாக மடிந்தது. நான் போய்ப் பார்த்தேன். முள்கம்பி வேலிக்கு அந்தப்பக்கம், பள்ளத்தில் அந்த மேஜை ஒரு காலை மேலே தூக்கிக்கொண்டு கிடக்கிறது. அதன் அடியில் மண் நிறைந்திருக்கிறது.

மேஸ்திரிமேல் விசாரணை நடக்கிறது. அவர் இப்போது தேநீர்க்கடைக்கு வருவதில்லை. வந்தால் எழுந்து நிற்பதா வேண்டாமா என்று பெஞ்சில் சண்டை நடக்கிறது. “பத்து வருஷமா தெரிஞ்சே நம்மள அதுமேல தூங்க வச்சாரே” என்கிறார்கள் சிலர். “கடைசியில சொன்னது அவர்தானே, வாயால சொன்னவன் எவனாவது வந்தானா?” என்கிறார்கள் மற்றவர்கள். மில்லி அக்காவை நடுவில் இழுத்தால் அவர் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு எழுந்துவிடுகிறார். இப்போதெல்லாம் அவருடைய கவலை பத்தாம் தெருவில் அவர் சொந்தச் சமையலறை. அடுப்புக்குப் பின்னால் இரண்டு மில்லி. “நடக்குது. ஆனா நொண்டி நொண்டி, எங்க வீட்டுக்காரர் மாதிரி” என்றார். கணவர் அருகில் இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். “அப்போ ரொம்ப தூரம் போகாது” என்றார்.

நான் கிளம்பும் நாள் ஞாயிற்றுக்கிழமை. மில்லி அக்கா பையில்லாமல் வெறுங்கையோடு புதுக் குடியிருப்புக்குக் கிளம்பினார். நானும் கூடப் போனேன். நிர்வாகம் பழைய கதவு எண் வரிசையிலேயே வீடுகளைக் கொடுத்திருக்கிறது. இங்கேயும் இரண்டிரண்டாக ஒட்டிய வீடுகள்தான். ஆகவே மேஸ்திரியும் தையற்கார அம்மாவும் மறுபடியும் ஒரே சுவருக்கு இரண்டு பக்கம். “ஆபீசுக்கு நம்பர்தான் தெரியும். யாரு யாரோட பேசலன்னு தெரியுமா?” என்றார் மில்லி அக்கா. வந்து ஐந்து வாரம் ஆகிறது. தையற்கார அம்மா அந்த வீட்டாரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வாசலுக்கு வெளியே எதிர்ப்பட்டால் பையைத் தோள் மாற்றிக்கொண்டு போய்விடுகிறார்.

மேஸ்திரி வீட்டில் எல்லாம் தரையில் இருந்தது. கடிகாரம் தரையில் சுவரில் சாய்ந்து ஓடிக்கொண்டிருந்தது. முகம் பார்க்கும் கண்ணாடி தரையில். அதில் எங்கள் கால்கள் தெரிந்தன. ஒரு பெரிய சட்டம் போட்ட படம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. சுவர்களில் ஓர் ஆணிகூட இல்லை.

“மணி பார்க்கணும்னா உக்கார வேண்டியிருக்கு” என்றார் மேஸ்திரியின் மனைவி. “தலை சீவணும்னா படுக்க வேண்டியிருக்கு. இவரு ஒரு ஆணி அடிக்க விட மாட்டேங்கிறார்.”

“முழுச் சுவரு தங்கச்சி” என்றார் மேஸ்திரி. “கை வர மாட்டேங்குது.”

மில்லி அக்கா குனிந்து அந்தப் படத்தைத் திருப்பினார். சுரங்க வாசலில் எடுத்தது. தலைவிளக்கு மாட்டிய இருபத்து மூன்று பேர், கரி அப்பிய முகங்களில் பல் மட்டும் தெரிந்தது. நடுவில் மேஸ்திரி. ஓரத்தில், இரண்டு காலையும் நேராக ஊன்றிக்கொண்டு, மில்லி அக்காவின் கணவர். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தார்.

“சுத்தியல் இருக்கா அண்ணி?”

கேட்டு முடிப்பதற்குள் சுத்தியல் வந்துவிட்டது. நான்கு ஆணிகளும் வந்தன.

“அதை எதுக்கும்மா மாட்டிக்கிட்டு” என்று மேஸ்திரி எழுந்தார். “கடிகாரத்தை வேணும்னா மாட்டு.”

மில்லி அக்கா அவர் பக்கம் திரும்பவில்லை. கூடத்தில் மூன்று சுவர்கள் சும்மா இருந்தன. அவர் நடுச்சுவருக்குப் போய், கண் மட்டத்துக்கு மேலே ஓர் இடத்தில் ஆணியை வைத்து அடித்தார். அந்தப்பக்கம் ஓடிக்கொண்டிருந்த தையல் இயந்திரம் நின்றது. இரண்டாவது அடியில் கொஞ்சம் சாந்து உதிர்ந்தது. மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாவது அடி.

“யாரது?” என்று சுவருக்கு அந்தப்பக்கமிருந்து குரல் வந்தது. “மெதுவா அடிங்க மேஸ்திரி, இங்க என் அலமாரி ஆடுது!”

படத்தைப் பிடித்துக்கொண்டிருந்த மேஸ்திரியின் மனைவி கணவரைப் பார்த்தார். மேஸ்திரி கண்ணைத் திறந்தார், தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“சரிம்மா” என்றார் சுவரைப் பார்த்து. கேட்டிருக்காதோ என்று நினைத்தவர்போல, இன்னொரு முறை உரக்க, “சரிம்மா, மெதுவா அடிக்கச் சொல்றேன்” என்றார்.

பிறகு அந்தப்பக்கம் தையல் இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது.

மில்லி அக்கா பல்லிடுக்கில் வைத்திருந்த இரண்டாவது ஆணியை எடுத்து, அதே சுவரில், முதல் ஆணிக்கு ஒரு முழம் தள்ளி நிறுத்தி, மெதுவாக அடிக்க ஆரம்பித்தார்.